ஞாயிற்றுக்கிழமை போனுக்கு ஒரு சீட்டு

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
10.9.1999, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சார்லசுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மஸ்கட்டில் உன் உடம்பும் வயிறும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் பத்து அருள் நிறைந்த மந்திரத்தை உனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதனால் நீ நன்றாகத்தான் இருப்பாய். இங்கே நம் வீட்டில் நாலு பேரில் மூன்று பேர் நலம். அப்பா நலம், நான் நலம், உன் மகன் ரொனால்டு மூன்றரை மாதத்தில் ஆறு கிலோ இருக்கிறான், மாதா புண்ணியத்தில் அவனும் நலம். நாலாவது ஆளாகிய உன் மனைவி நலமாகிக்கொண்டு வருகிறாள். இத்தனை நாளும் எல்லாரும் நலம் என்று ஒரே வரியில் எழுதி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன், அது பொய். முப்பத்துமூன்று வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொய் சொன்னால் முட்டி போட வைத்தவள் நான், இன்றைக்கு என்னை யார் முட்டி போட வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

ஆகஸ்டு மாதம் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வாசித்தார். டெய்சி போனில் பேசுவது ரேடியோவில் மாநிலச் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, என்னோடு பேச அவளுக்கு விருப்பமே இல்லை, அவளாக மனசைத் திறந்து நாலு வார்த்தை எழுதவாவது செய்கிற வரைக்கும் நான் போன் பண்ணப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். எழுதியபடியே போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் பண்ணவில்லை. நீ ரோஷக்காரன், அந்த ரோஷம் எங்கே இருந்து வந்தது என்று நம் தெருவுக்கே தெரியும், அதனால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். அந்த இரண்டு ஞாயிறும் டெய்சி மூன்றரை மணிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நசீம் பானு வீட்டுக்குப் போய், போன் பக்கத்தில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தவள் ஆறரை மணிக்குத்தான் எழுந்து வந்தாள். நடுவில் மணி அடித்தது இரண்டே தடவை, இரண்டும் நசீம் பானு வீட்டுக்காரருக்குத் தோல் மண்டியில் இருந்து வந்த போன். ஆகவே அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. அவள் செய்தி வாசித்ததும் உண்மைதான். அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான்.

விஷயம் இதுதான். அடுத்த வீட்டுப் போனில் நமக்குக் கிடைப்பதே வாரத்துக்குப் பத்து நிமிடம். அதில் உங்கப்பா அங்க வெயிலா மழையா என்று கேட்டே மூன்று நிமிடத்தை முழுங்கிவிடுவார். ரொனால்டு பிறந்த ஆறாம் நாள் நீ போன் பண்ணினாயே, அன்றைக்கு டெய்சி போனை வாங்கி ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதாள், நீ அந்தப் பக்கம் என்னாச்சு என்னாச்சு என்று பதறினாய், நான் போனைப் பிடுங்கி ஒன்றுமில்லை அவளுக்குச் சளி என்று சொல்லி வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா. அதற்கு அடுத்த வாரமும் அதே சளி. கடல் தாண்டி இருக்கிற பிள்ளையைக் கலங்க வைக்கக் கூடாது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆண்டு விழாவில் பேசப் போகிற பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பது போல ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிவிட்டேன். அப்பா சீட்டில் வெயில் ஒரு தடவை மட்டும். டெய்சி சீட்டில், நான் நலம், பிள்ளை நலம், பால் பத்துகிறது, நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதைப் பதினோரு ஞாயிறு ஒரு எழுத்துக்கூட மாறாமல் வாசித்தாள். நானும் பக்கத்தில் நின்று உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். என்ன புத்தி பார் எனக்கு.

வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாய் இல்லாத பிள்ளை, வத்தலக்குண்டில் அவள் அப்பாவும் தம்பியும் மட்டும் இருக்கிற வீட்டில் பிரசவம் எப்படிப் பார்ப்பது என்றுதான் முதல் பிரசவத்தை நாமே பார்க்கிறோம் என்று கூட்டி வந்தோம். ஒரு குறை வைக்கவில்லை. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, பிரசவ லேகியம், வெந்நீர் ஊற்றுவதற்கு ஆள், எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆனால் பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள், ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். பிள்ளையின் துணியை மடிக்கிறபோது கண்ணில் இருந்து தண்ணீர் வழியும், துடைக்கக்கூட மாட்டாள், மடித்துக்கொண்டே இருப்பாள். நான் பலவீனம் என்று லேகியத்தை இரண்டு உருண்டை ஆக்கினேன், அப்படியும் அழுதாள், மூன்று உருண்டை ஆக்கினேன். பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், பதினாலு பாட்டில் அலமாரியில் அணிவகுத்து நிற்கிறது, உங்கப்பா இரவு பகல் பார்க்காமல் குடித்தும் தீரவில்லை. வந்த ஒவ்வொருத்தரும் பிள்ளையைக் கையில் வாங்கி யார் சாயல் என்று கேட்டார்கள், அப்புறம் டெய்சியைப் பார்த்து பால் பத்துதா என்று கேட்டார்கள். காலையில் கண் விழித்தால் நானும் அதையேதான் கேட்டேன். பால்காரனிடம் கேட்கிற கேள்வியைத்தான் அந்தப் பிள்ளையிடம் நாள் முழுக்கக் கேட்டிருக்கிறோம்.

முதலில் கண்டுபிடித்தது நசீம் பானுதான். ஜூலை கடைசி ஞாயிறு நீ போனை வைத்த பிறகு என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, டீச்சர், நீங்க சீட்டையே பாக்குறீக, அந்தப் பிள்ள மொகத்தப் பாக்கல, போன வச்சிட்டு செவத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, எங்க அக்கா மகளும் பிள்ளை பெத்துட்டு இப்படித்தான் இருந்துச்சு என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது, கோபமும் வந்தது, என் மருமகளைப் பற்றி நீ என்ன எனக்குச் சொல்வது என்று. ஆனால் அவள் விடவில்லை. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற பங்கு மண்டபத்தில் சிஸ்டர் அமலராணி என்று ஒரு நர்ஸ் சிஸ்டர் வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்குப் பிள்ளை பெற்ற பெண்களைக் கூட்டி வைத்து ஏதோ சொல்லித் தருகிறார், பெங்களூரில் போய்ப் படித்து வந்தவர், எங்கள் அக்கா மகள் அங்கே போய்த்தான் தேறினாள் என்றாள். நம் பங்கு மண்டபத்தில் நடப்பது எனக்குத் தெரியாமல் நசீம் பானுவுக்குத் தெரிந்திருக்கிறது, இதுவும் எனக்கு ஒரு அவமானம்.

அடுத்த வியாழன் டெய்சியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரியவர்கள் வெளியே சிமெண்டு பெஞ்சில் இருக்கலாம் என்றார் சிஸ்டர், நான் ஆசிரியை என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். பாயில் ஆறு பெண்கள், ஆறு பிள்ளைகள். பாடம் என்ன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார வேண்டும், மூச்சு உள்ளே போகிறதையும் வெளியே வருகிறதையும் கவனிக்க வேண்டும், மனசு எங்காவது ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும், அழுகை வந்தால் அழுகை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருப்பதற்கு ஒரு வகுப்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சும்மா இருக்கிற பிள்ளையை வேலை செய்ய வைக்கத்தானே சர்க்கார் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது. கூன் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் முதுகை நிமிர்த்தி விட்டேன், ஒருத்தி தூங்கி விழுந்தாள், தட்டி எழுப்பினேன். சிஸ்டர் என் கையை மெதுவாகப் பிடித்து, டீச்சர், அவ தூங்கட்டும், ஒரு மாசமா தூங்காதவ என்று சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதே சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆயுசில் முதல் தடவையாக என்னை ஒரு வகுப்பில் இருந்து வெளியே அனுப்பினார்கள்.

பெஞ்சில் எனக்கு முன்னாலேயே வெளியே அனுப்பப்பட்ட ஒருத்தி இருந்தாள். சேவுகம்பட்டியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற முத்துப்பேச்சி, அவள் மருமகள் புவனேஸ்வரியை பஸ்ஸில் கூட்டி வருகிறாள். பிள்ளை கத்தினால் முதலில் உங்கள் பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், ஒரு மூச்சு இழுத்து விடுங்கள், அப்புறம் பிள்ளையைத் தூக்குங்கள் என்று சிஸ்டர் சொன்னாராம். அதுக்கு இவள், பிள்ள வீருவீருன்னு கத்துறப்ப இவ பாதத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா வெளங்குமா தாயி என்று கேட்டிருக்கிறாள், பெஞ்சுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கே எங்களுக்குள் சிநேகம் ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் அந்தச் சிநேகம் ஒரு போராட்டமாகவே மாறியது. சிஸ்டர் ஆளுக்கு ஒரு துண்டு சிறுமலைப் பழம் கொடுத்து, அதைக் கையில் வைத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள், நாக்கில் வையுங்கள், ஐந்து நிமிடம் மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் உயிரே போய்விட்டது. பச்சை உடம்புக்காரிக்கு வாழைப்பழமா, பால் வழியாகப் பிள்ளைக்குச் சளி இறங்காதா. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டெய்சி துப்பு என்று கத்தினேன், முத்துப்பேச்சி கதவைத் தட்டினாள். உள்ளே பார்த்தால் அந்தப் புவனேஸ்வரி வாயில் பழத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள். என்ன என்று சிஸ்டர் கேட்டதுக்கு, பிள்ள பெத்ததுல இருந்து எனக்கு எதுவுமே ருசி தெரியல சிஸ்டர், அவுக குடுக்குறத முழுங்குறேன், இன்னைக்குத்தான் இனிப்புன்னு தெரியுது என்றாளாம். முத்துப்பேச்சி கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். நானும் கம்பியை விட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு துண்டுக்கு எதிராக மிளகு கஷாயம் ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன், அதுவும் சிறுமலை மிளகுதான். ரொனால்டுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அதற்கு அப்புறமாவது நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் உன் அம்மா இல்லையே. வாரம் ஒரு வகுப்பு போதாது என்று வீட்டிலேயே கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலை ஐந்தரை மூச்சு, ஆறு பால், பதினொன்று மூச்சு, மாலை நாலு பாதம் கவனித்தல். அலாரம் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிந்ததும் மனசு அடங்குச்சா, பத்துக்கு எத்தனை என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவேன். அவள் முதல் நாள் ஏழு என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளில் இருந்து பத்து என்றாள். இரண்டு வாரம் தினமும் பத்துக்குப் பத்து. அந்த நோட்டைப் பெருமையாகக் கொண்டுபோய் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் ஒரு பக்கம் விடாமல் புரட்டிவிட்டு, டீச்சர், இது உங்க மார்க்கா அவ மார்க்கா என்று கேட்டார். நான் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அப்புறம் எனக்கும் முத்துப்பேச்சிக்கும் சேர்த்து ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினம் பத்து நிமிடம் மருமகள் பக்கத்தில் உட்கார வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது, அவள் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் நம் மூச்சை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பூ, இம்புட்டுத்தானே என்றுவிட்டு வந்தோம். முதல் நாள் நான் தாங்கியது ஒரு நிமிடம் என்று உங்கப்பா கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னார். ரயில்வேயில் இருந்தவர், நேரத்தில் தப்பு வராது. பால் பத்துதா என்று என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது. முத்துப்பேச்சி அரை நிமிடமாம், அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

நீ முதன்முதலாகப் போன் பண்ணாமல் விட்ட ஞாயிறுக்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரண்ட் போய்விட்டது. பிள்ளை தூளியில் தூங்கினான், அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். டெய்சி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள், நான் வீட்டுப்பாடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நின்று போன மின்விசிறியைப் பார்த்தேன், அதில் எவ்வளவு ஒட்டடை என்று தெரிந்தது, அதையும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று அவள், அத்தை, எனக்குப் பயமா இருக்கு என்றாள். நான் முந்தானையை இன்னும் இறுக்கிக் கடித்தேன். இவனப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது, எல்லாரும் கொஞ்சுறாக, எனக்கு யாரு பிள்ளையோ மாதிரி இருக்கு, அவுகளும் போன் பண்ணல, நா எங்கிட்டாச்சும் போயிட்டாகூட இவன் உங்க கையில வளந்துருவான்ல என்று கேட்டாள். அவள் அழவில்லை, மாவு அரைக்கவா என்று கேட்பது போலக் கேட்டாள். எங்கிட்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கரண்ட் வருகிற வரைக்கும் விடவில்லை. அப்புறமும் விடவில்லை. சார்லசு, நான் எழுதிக் கொடுத்த ஐந்து வரி அவள் நெஞ்சுக்கு மேல் எவ்வளவு பாரமாக உட்கார்ந்திருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது அவளிடம் நான் ஒன்று சொன்னேன், அதை உனக்கும் சொல்லிவிடுகிறேன், நீ வருத்தப்படாதே. உன்னைப் பெற்ற புதிதில் எனக்கும் உன்னைப் பிடிக்கவில்லை. நீ கறுப்பாக, சுருங்கிப் போய், எந்நேரமும் கோபமாக இருந்தாய், ஓய்வு பெறப் போகிற தலைமை ஆசிரியர் மாதிரி. லீவு முடிந்து பள்ளிக்கூடம் போன நாளில் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் அ ஆ எழுதிக்கொண்டே அழுதேன், திரும்பினால் தெரியும் என்று பலகை நிறைய எழுதினேன். ஏன் அழுகிறாய் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் நீ என் மூக்கைப் பிடித்து இழுத்தாய், அதில் இருந்து நீ என் பிள்ளை. உங்கப்பாவுக்கே இது நேற்றைக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே அவளை சிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சிஸ்டர் அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார், என்னிடம், இதுவும் ஒரு நோவுதான் டீச்சர், காய்ச்சல் மாதிரி, அவ தப்பும் இல்ல உங்க தப்பும் இல்ல, ஆனா தனியா விடாதீக என்றார். கையோடு ஒரு பெண் டாக்டரிடமும் காட்டினோம், ரத்தம் குறைவு என்று மாத்திரை, தூக்கத்துக்கும் மனசுக்கும் தனியாகக் கொடுத்திருக்கிறார், வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். இராத்திரி இரண்டு பாலுக்கு நடுவில் பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், அவள் தூங்குகிறாள். அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜங்ஷன் பக்கம் கேட்கிற ஒவ்வொரு ரயிலும் என்ன வண்டி, எத்தனை நிமிடம் லேட் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவனும் ஆழ்ந்து கேட்கிறான். கால அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மார்க் நோட்டின் மிச்சத் தாளில்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அவளாக வாய் திறந்து, மாமா, பூண்டுக் குழம்பு போதும், எனக்குப் பிரியாணி வேணும் என்றாள். மூன்றரை மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள். உங்கப்பா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினார். நான் பத்தியம் பற்றிப் பேச வாய் திறந்தேன், அப்புறம் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தேன், படுகிறது, வாயை மூடிக்கொண்டேன். அவள் இலைப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, அந்தச் சீரகச் சம்பா சோற்றை ஒவ்வொரு வாயாக, சிஸ்டர் சொன்ன கணக்கில் சாப்பிட்டாள். முக்கால் மணி நேரம். எங்கள் இரண்டு பேருக்கும் பசியில் உயிர் போனது, எழுந்து போனால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று எதிரே உட்கார்ந்து எச்சில் முழுங்கிக்கொண்டே இருந்தோம். கடைசி எலும்பை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை, ஆனால் சீட்டில் எழுதிக் கொடுக்காத சிரிப்பு.

நேற்றைக்கு வியாழக்கிழமை வகுப்பு. இப்போது சிஸ்டர் என்னையும் முத்துப்பேச்சியையும் உள்ளே விடுகிறார். படுத்துக்கொண்டு கால் விரலில் இருந்து தலை வரைக்கும் உடம்பைக் கவனிக்கச் சொன்னார், நான் முழங்கால் வரைக்கும் வந்தது ஞாபகம், என் குறட்டையில் ரொனால்டு முழித்துக்கொண்டு கத்தினான். நான் எழுவதற்குள் டெய்சி பாதத்தைத் தரையில் ஊன்றினாள், ஒரு மூச்சு விட்டாள், பிள்ளையைத் தூக்கினாள், தூக்கி அவன் உச்சந்தலையை மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, அத்தை, இவன் தலை எது மாதிரி வாசம் அடிக்குது தெரியுமா என்று ஒன்று சொன்னாள். பிள்ளை பிறந்ததில் இருந்து அவனைப் பற்றி அவள் ஆசையாகச் சொன்ன முதல் வார்த்தை. நானும் மோந்து பார்த்தேன், அவள் சொன்னது அப்படியே சரி, எனக்கு இத்தனை நாளும் தோன்றவில்லை. முத்துப்பேச்சி மோந்துவிட்டு, ஆமா தாயி, அதேதான் என்றாள். அது என்ன வாசம் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். நாக்கு நுனியில் நிற்கிறது, பேனா நுனியிலும் நிற்கிறது, இரண்டையும் கடித்துக்கொண்டிருக்கிறேன். அது அவள் உனக்குச் சொல்ல வேண்டியது.

ஆகையால் ஏலே அப்பு, உன் ரோஷத்தை மூட்டை கட்டி வை. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர எப்படியும் பத்து நாள் ஆகும். வருகிற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் நேரம் நாலு மணிக்கு நசீம் பானு வீட்டுக்குப் போன் பண்ணு. அன்றைக்கு நானும் வர மாட்டேன், அப்பாவும் வர மாட்டார், நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் கோவிலில் இருப்போம், அப்பாவை இழுத்துப் பிடித்து வைப்பது என் பொறுப்பு. நசீம் பானுவும் போனை எடுத்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். டெய்சியும் பிள்ளையும் மட்டும் இருப்பார்கள். அவள் எடுத்தவுடன் பேசாமல் இருக்கலாம், அழலாம், சும்மா மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கலாம். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தாதே, என்னாச்சு என்று பதறாதே, காசு ஓடுகிறதே என்று வைத்துவிடாதே. பால் பத்துகிறதா என்று மட்டும் கேட்டாய் என்றால் டிசம்பர் லீவுக்கு நீ இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம். அங்கே குளிர் வருவதற்குள் காதுக்கு மப்ளர் வாங்கிக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, ஞாயிறு பூசை தவறவிடாதே.

உனக்கும் உன் மனைவிக்கும் உன் பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் சமாதானமும் தருவாராக, மாதா தன் முந்தானைக்குள் உங்களை வைத்துக் காப்பாளாக. கடைசியாக ஒன்று. இந்தக் கவருக்குள் உனக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், தவறி விழுந்துவிடாமல் எடுத்துப் பத்திரமாக வை. அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. பின்பக்கம் திருப்பித் தேடாதே, அங்கேயும் ஒன்றும் இல்லை. எழுதாமல் ஒரு தாளை விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், மூன்று தடவை பேனாவைத் திறந்து மூடினேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார், டெய்சி பேசி முடிக்கிற வரைக்கும் அதில் இருக்கிறதை மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
நீ என் மூக்கைப் பிடித்த நாளில் இருந்து உன்னை நேசிக்கிற அம்மா,
சூ. ஆனந்தமேரி